வெயிலுக்கு வாடகை

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஏறத்தாழ நேராகவே கடலுக்குள் இறங்கும் இடத்தில் நீஸ் நகரம் அமைந்துள்ளது. வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றை மலை மறித்துக்கொள்வதாலும், தெற்கே மத்தியதரைக் கடல் தடையின்றித் திறந்து கிடப்பதாலும், அந்நகரத்துக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2,700 மணி நேர வெயில் கிடைக்கிறது. சுற்றுவட்டாரத்தின் ஒலிவமும் பூக்களும் எவ்வளவு புகழ் பெற்றவையாயினும், இக்கரை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக வெளியூரார்க்கு விற்றுவரும் முதன்மையான சரக்கு இந்த வெயில்தான். தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் வீட்டை அங்கே 'வில்லா' என்கின்றனர். அத்தகைய வீடுகள் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகையில், அறைகளின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக வாடகையைத் தீர்மானிப்பது வீட்டின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே. 2015 ஆகஸ்டில் அத்தகைய தெற்கு முக வீடு ஒன்றில் தங்கிய புதுச்சேரிக் குடும்பமொன்றின் நினைவுகள் இங்கே எழுதப்படுகின்றன. கட்டுரையாளரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவராதலால், சொல்லப்படுபவற்றுள் பெரும்பகுதி அவர் கண்ணால் கண்டது. எஞ்சியது, குடும்பத்தில் இன்றளவும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மெருகேறியது.

இக்கரையின் வெயில் வாணிகம் கோடையில் அன்றிக் குளிர்காலத்தில் தொடங்கியது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். அதை அறியாமல் அவ்வீடுகளின் அமைப்பை விளங்கிக்கொள்ள இயலாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் நாவலாசிரியருமான டொபையாஸ் ஸ்மாலெட் நெஞ்சுநோயோடு 1763இல் நீஸுக்கு வந்து, ஒரு வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அன்றாட வானிலையைக் குறித்துவைத்தார். 1766இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் அக்குறிப்புகளும் இடம்பெற்றன. அவர் உடல்நலம் கருதிக் கடலில் இறங்கிக் குளித்தது உள்ளூர் மக்களுக்குப் பெரும் விநோதமாக இருந்தது. அக்காலத்தில் நீஸ் பிரான்சுக்கு உரியதன்று. சார்டீனிய அரசின் ஆளுகையில் இருந்தது. நகருக்கு மேற்கே ஓடும் வார் ஆறே எல்லை. 1834இல் நீஸ் நோக்கிச் சென்ற புரூஹம் பிரபு என்னும் பிரிட்டிஷ் அரசியலாளர், காலரா அச்சத்தால் அந்த எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, வழியில் இருந்த கான் என்னும் மீனவ ஊரில் தங்க நேர்ந்தது. ஊர் பிடித்துப்போனதால் அங்கேயே நிலம் வாங்கி, தம் மகளின் பெயரில் வில்லா ஒன்றைக் கட்டினார். இன்று திரைப்பட விழாவினால் உலகறிந்த அந்நகரின் செல்வவளம் ஒரு தொற்றுநோய்த் தடையில் தொடங்கியது. 1860இல் நீஸ் பிரான்சுடன் இணைந்தது. 1864இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அதன்பின் காசநோயாளிகளும், அவர்களைக் காட்டிலும் மிகுதியாக, நோயற்ற செல்வந்தரும் வந்து குவிந்தனர்.

இவர்கள் 'இவெர்னான்' எனப்பட்டனர். குளிர்காலத்தை மட்டும் அங்கே கழிப்பவர்கள் என்பது அதன் பொருள். இலையுதிர் காலத்தில் வந்து, வேனில் முற்றுமுன் கிளம்பிவிடுவது அவர்கள் வழக்கம். விக்டோரியா அரசி 1890களில் பலமுறை நீஸின் சிமியே மேட்டில் வந்து தங்கியதும் இளவேனிலில்தான். அவ்வருகைகளில் அவருடைய இந்தியச் செயலாளரான அப்துல் கரீமும் உடனிருந்தார் என்பதும், அதை அரசியின் பரிவாரத்தினர் சகிக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ளன. 2021இல் யுனெஸ்கோ நீஸை உலக மரபுடைமையாக அறிவித்தபோதும், 'குளிர்காலத் தங்கல் நகரம்' என்ற தகுதியிலேயே அறிவித்தது.

கோடையில் வெறிச்சோடிக் கிடந்த இக்கரை ஏறத்தாழ ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறியது. 1923இல் ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்னும் அமெரிக்கத் தம்பதியர், ஆந்தீப் முனையிலிருந்த பெரிய விடுதியை வழக்கம்போல் கோடைக்கு மூடிவிடாமல் தங்களுக்காகத் திறந்துவைக்கும்படி உரிமையாளரை இணங்கவைத்தனர். அவர்களுடைய நண்பரான எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1926இல் அருகிலுள்ள ழுவான் லே பேன் என்ற ஊரில் கடலோர வில்லா ஒன்றை வாடகைக்கு எடுத்தார். 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியதும், அதுவரை செல்வர்க்கே உரியதாக இருந்த கடற்கரைக்குச் சலுகைக் கட்டண ரயிலில் சாதாரண மக்கள் வந்திறங்கினர். பருவம் மாறியது, வீடுகள் மாறவில்லை. மார்கழி வெயிலை ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே வாங்கிக்கொள்வதற்கென்று கட்டப்பட்ட வீடுகளுக்கு, ஆகஸ்டில் ஆள்கள் குடிவரத் தொடங்கினர்.

மேற்சொன்ன புதுச்சேரிக் குடும்பம் அங்கே சென்றதற்கும் ஒரு வரலாறு உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அவ்வாறு விருப்பம் தெரிவித்தவர்களுள் பலர் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்தனர். புதுச்சேரி வழக்கில் அவர்களுக்குச் 'சொல்தா' என்று பெயர். இக்குடும்பத்தின் தாத்தா அத்தகைய சொல்தா ஒருவர். பணி ஓய்வுக்குப்பின் ஓய்வூதியத்துடன் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டவர். மகன்கள் இருவரும் பாரிஸ் புறநகரில் குடியேறினர். மகள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டார். மூன்று குடும்பங்களும் ஒரே கூரையின் கீழ்ச் சில நாள்களைக் கழிக்க வேண்டும் என்று தாத்தாவின் மனைவியான ஆயாவுக்கு இருந்த நெடுநாள் விருப்பத்துக்குப் பாரிஸின் அடுக்குமாடி வீடுகள் இடந்தராததால், நீஸுக்கு மேற்கே வார் ஆற்றுக்கு அப்பால் உள்ள கான்யு சூர் மேர் என்ற ஊரின் மலைச்சரிவில் வில்லா ஒன்றை வாடகைக்கு எடுப்பதென முடிவாயிற்று.

ஒப்பந்தத்தைத் தாத்தா வரிவரியாகப் படித்தார். பிரான்சில் விடுமுறை வாடகை, குடியிருப்பு வாடகையினின்று வேறானது. ஒரே ஆளுக்குத் தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் விடக்கூடாது என்பது அதன் வரம்பு. முன்கூட்டிச் செலுத்தும் பணம் இருவகைப்படும். 'ஆர்' எனப்படும் அச்சாரமாக அது செலுத்தப்பட்டிருந்தால், வாடகையாளர் பின்வாங்கும்போது அத்தொகையை இழப்பார். வீட்டுக்காரர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும். குடியியல் சட்டத் தொகுப்பின் 1590ஆம் பிரிவு இவ்வாறு கூறுகிறது. மாறாக, 'அகோந்து' எனப்படும் முன்தவணையாகச் செலுத்தியிருந்தால் இரு தரப்பினரும் பின்வாங்கும் உரிமையின்றிக் கட்டுண்டு நிற்பர். தங்கள் ஒப்பந்தத்தில் இருந்த சொல் அச்சாரத்தைக் குறிப்பதே என்று உறுதி செய்துகொண்ட பின்னரே தாத்தா கையொப்பமிட்டார். இவை தவிர, பொருள் சேதத்துக்கு ஈடாக ஒரு காப்புத்தொகையும், 1910ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தங்கல் வரியும் உண்டு; பின்னது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்பட்டு, ஊராட்சிக்குச் சேர்வது.

வீடு இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. சிவந்த ஓடு வேய்ந்த கூரை, மஞ்சளும் காவியும் கலந்த சுவர், அதன் தென்புறம் முழுதும் உயரமான கண்ணாடிக் கதவுகள், அவற்றுக்கு முன்னே கல் பாவிய அகன்ற திறந்த தளம், தளத்தின் விளிம்பில் நீலமான நீச்சல்குளம், குளத்துக்கு அப்பால் மரங்களின் தலைகளுக்கு மேலாகக் கடல். வலப்புறம், வில்நெவ் லூபே ஊரின் கரையில், 1970களில் எழத் தொடங்கிய அலைவடிவ அடுக்குமாடிகள் வெள்ளை வெளேரென நின்றன; வில்லாவுக்கு வழியில்லாதவர்க்கும் கடல் தெரியும் மாடம் ஒன்று கிடைக்கச் செய்த அக்கட்டடங்களை அழகின் பேரில் இகழ்வோர் உண்டு. ஆயினும் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுள் பெரும்பாலோர் வில்லாவாசிகளே என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கிறார். சாவியை ஒப்படைத்த முகவர் நிலையப் பெண்மணி, தளத்தில் வரிசையாக இடப்பட்டிருந்த சாய்வுப் படுக்கைகளையும், காலை ஏழிலிருந்து அந்தி வரை அங்கே வெயில் விலகாது என்பதையும் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். தாத்தா அதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னபோது, ஆயா வீட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

நீஸின் அட்சரேகையில் குளிர்கால நண்பகல் சூரியன் அடிவானுக்கு மேலே சுமார் 23 பாகை உயரத்திலேயே நிற்பதால், அதன் கதிர்கள் தெற்குச் சன்னல்களின் வழியே அறையின் பின்சுவர் வரை சாய்ந்து நுழையும். வீட்டைக் கட்டியவர் வேண்டியது அதுவே. ஆகஸ்டில் சூரியன் உயர ஏறிவிடினும், முற்பகலும் பிற்பகலும் கண்ணாடியில் விழும் வெயிலும், தளத்துக் கற்கள் பகலெல்லாம் உறிஞ்சி இரவில் உமிழும் சூடும் சேர்ந்து வீட்டைப் புழுங்கவைத்தன. வெளியே வெப்பம் 28 அல்லது 30 பாகைக்கு மேல் போகவில்லை. அக்கினி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அது தென்றல் காலம். எனினும் குளிரூட்டி இல்லாத வீட்டுக்குள், முதல் நாள் பிற்பகலில், பாரிஸ் பேரக்குழந்தைகள் தரையில் படுத்துப் புரண்டனர். 2003 ஆகஸ்டின் வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் முதியோர், மாண்டதற்கு வெயிலின் கடுமை மட்டுமன்று, வெயிலை வெளியே நிறுத்தத் தெரியாத வீடுகளும் காரணம் என்று மூத்த மகன் அப்போது குறிப்பிட்டார்.

நீஸ் வட்டாரத்து வீடுகளுக்கு அதற்கான கருவி இல்லாமலில்லை. சாய்ந்த மெல்லிய பலகைகளை ஏணிப்படிபோல் அடுக்கிச் செய்த இரட்டை மரக்கதவுகள், 'பெர்சியென்' என்னும் பெயரில், ஒவ்வொரு சன்னலுக்கும் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் கீழ்ப்பகுதியை மட்டும் தனியே வெளிநோக்கித் தூக்கி நிறுத்தலாம் என்பது அவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு. அவ்வாறு நிறுத்தினால் வெயில் தடைபடும், காற்று நுழையும், உள்ளே இருப்பவர் தாம் தெரியாமல் தெருவைப் பார்க்கலாம். ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1917இன் இறுதியில் நீஸுக்கு வந்து, தொடர்மழையில் சலித்து ஊரைவிட்டுக் கிளம்பவிருந்த வேளையில் வெயில் அடித்ததால் தங்கிவிட்டவர். அங்கே அவர் வரைந்த அறைகளில், சாத்திய பலகைக் கதவின் இடுக்குகளால் வெளிச்சம் கீற்றுக்கீற்றாக வருவதைக் காணலாம். ஆயாவுக்கு இக்கதவுகளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியில் கடலோரத் தெருக்களின் பிரெஞ்சு வீடுகளில் இவை இன்றும் உள்ளன; இளமையில் அத்தகைய வீடொன்றில் வேலை செய்த தம் தாயாருடன் சென்று, காலையில் அவற்றைச் சாத்தி அந்தியில் திறக்கும் பணியை ஆயா செய்திருக்கிறார். மறுநாள் முதல் அவ்வீட்டின் தென்முகம் காலை ஒன்பது மணிக்குள் முற்றிலும் அடைபட்டது. கடல் தெரிவதற்காக வாடகையில் கணிசமான பகுதியைச் செலுத்தியிருந்த இளைய மகன், பகலெல்லாம் கடல் தெரியாமல் இருந்ததை ஒரு நாள் மட்டுமே ஆட்சேபித்தார்.

இவ்வாறு முன்பக்கம் மூடப்பட்டதும் குடும்பம் வீட்டின் வடபுறத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மலையைக் குடைந்து எழுப்பிய தாங்குசுவரின் அடியில், துணி துவைக்கும் கல்தொட்டி ஒன்றும், அதன்மேல் கவிந்த அத்திமரமும், விளம்பரப் படங்கள் எதிலும் இடம்பெறாத ஒரு சிறு முற்றமும் இருந்தன. சாப்பாட்டு மேசை அங்கே நகர்ந்தது, பாய்கள் விரிக்கப்பட்டன, பிற்பகல்களில் தாயக்கட்டம் நடந்தது, ஆயா தொட்டியின் விளிம்பைத் திண்ணையாக்கிக்கொண்டு அங்கிருந்தே வீட்டை ஆண்டார். மத்தியதரைப் பகுதியின் பழைய குடியானவர் வீடுகள் ஊரின் உயரத்தில் நெருங்கி நின்று ஒன்றன் நிழலை ஒன்றுக்குத் தந்தவை. கான்யுவின் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்கள் இரண்டு ஆள் அகலமே உள்ளவை. வெயிலை நோக்கித் தனித்து நிற்கும் வீடு, வடக்கேயிருந்து வந்தவரின் கண்டுபிடிப்பு. அவ்வகையில், அடுத்த வீட்டிலிருந்த டென்மார்க் குடும்பத்தினரைக் காட்டிலும் புதுச்சேரிக் குடும்பமே அவ்வூரின் பழைய வழக்கத்துக்கு நெருக்கமாக வாழ்ந்தது எனலாம்.

டென்மார்க் குடும்பத்தினர் காலை முதல் வெயிலில் கிடந்து, எண்ணெய் பூசி, புரண்டு படுத்துச் சீராகச் சிவந்தனர். அவர்களை வேலியிடுக்கால் பார்த்த பேத்திகளை ஆயா உள்ளே அழைத்து, வெயிலில் நின்றால் கறுத்துப்போவீர்கள் என்று கண்டித்தார். ஐரோப்பாவில் வயலில் உழைப்போரின் தோல் கறுத்தும், உழைக்கத் தேவையற்றோரின் தோல் வெளிறியும் இருந்த காலம் வரை வெளிறிய நிறமே மேன்மைக்கு அடையாளமாக இருந்தது. தொழிலாளர் ஆலைகளுக்குள் புகுந்து வெளிறிப்போன பின்னர், விடுமுறைக்கு வசதியுள்ளவரின் அடையாளமாக வெயில் நிறம் 1920களில் நாகரிகமாயிற்று. ஆயாவின் அச்சத்துக்கும் டென்மார்க்காரரின் ஆசைக்கும் அடிப்படை ஒன்றேயாக இருக்க, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டன. பேத்திகளுள் மூத்தவள் ஆயாவின் கண்டிப்பை நிறவெறி என்று பிரெஞ்சில் முணுமுணுத்ததும், அதைத் தாத்தா பெயர்க்க மறுத்ததும் நினைவில் உள்ளன. அவள் சொன்னதில் நியாயம் உண்டு.

நீச்சல்குளத்தைச் சுற்றி 1.10 மீட்டர் உயரக் கம்பித் தடுப்பும், சிறு குழந்தையால் திறக்க முடியாத தாழ்ப்பாளும் இருந்தன. குழந்தைகள் குளங்களில் மூழ்கி இறப்பதைத் தடுக்க 2003 ஜனவரி 3 அன்று இயற்றப்பட்ட சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்கள் அனைத்துக்கும் தடுப்பு, மூடி, கூடாரம், அபாயமணி ஆகிய நான்கில் ஒன்றையேனும் கட்டாயமாக்கியது. வாடகைக்கு விடும் வீடுகளுக்கு மற்ற வீடுகளுக்கு முன்னரே கெடு வைத்தது. ஆயாவின் கவலையோ குளத்தின் மீது இல்லை. பூந்தொட்டிகளின் அடியில் இருந்த தட்டுகளின் மீது இருந்தது. நாள்தோறும் மாலையில் அவர் அத்தட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிவந்தார். டெங்கு ஊருக்கே உரியது, இங்கே ஏது என்று மருமகள்கள் சிரித்தனர். உண்மையில், ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட புலிக்கொசு, கால்களில் வெள்ளை வரியோடு கூடிய, டெங்குவைப் பரப்பும் கொசு, 2004இல் நீஸுக்குக் கிழக்கேயுள்ள மாந்தோன் நகரில் காலூன்றியது. 2010இல் வெளிநாடு சென்றிராத இருவருக்கு நீஸிலேயே டெங்கு கண்டது. அதன்பின் அம்மாவட்ட மக்களிடம் தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்கச் சொல்லும் பணியை அரசே மேற்கொண்டது.

வந்து சேர்ந்தது கொசு மட்டுமன்று. இக்கரையின் விளம்பரப் படங்களில் இடம்பெறும் செடிகொடிகளுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவையே. சுவரில் படர்ந்திருந்த ஊதா நிறக் காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. 1760களில் உலகைச் சுற்றிய பூகன்வீல் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் பெயரைத் தாங்குவது. கோடையில் வெறும் பச்சையாக நின்ற மிமோசா, பிப்ரவரியில் மஞ்சளாகப் பூத்து விழா எடுக்கப்படும் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அதே மரத்தை நீலகிரியில் சீகை என்றழைத்து, சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கும் களை என்று வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாயிலின் இருபுறமும் நட்டிருந்த கானரித் தீவுப் பேரீச்சைகளுள் ஒன்றின் கொண்டை குடைபோல் கவிழ்ந்து காய்ந்திருந்தது. தாத்தா அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டு, கீழே உதிர்ந்து கிடந்த நார்ச்சுருளைப் புரட்டி, கூன்வண்டு என்றார்; பாகூரில் அவருடைய தென்னந்தோப்பு அதனிடம் பட்ட பாட்டை அறிந்தவர் அவர். தென்னாசிய, தென்கிழக்காசியத் தென்னைகளின் பழைய எதிரியான அச்சிவப்புக் கூன்வண்டு, அழகுக்காக இறக்குமதியான பனைகளோடு 1990களில் ஸ்பெயினை அடைந்து, 2006இல் பிரான்சில் தென்பட்டு, சில ஆண்டுகளில் அக்கரையின் ஆயிரக்கணக்கான பனைகளைச் சாய்த்தது. முகவர் நிலையத்துக்குத் தாத்தா இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, மரம் தண்ணீர்க் குறைவால் வாடுவதாக அங்கே விளக்கம் தரப்பட்டது.

அதே சரிவில், நடந்து செல்லும் தொலைவில், லே கொலெத் என்ற பழைய ஒலிவத் தோப்பு உள்ளது. அங்கிருந்த மரங்கள் வெட்டுப்படவிருந்ததை அறிந்து ஓவியர் ரெனுவார் 1907இல் தோப்பை விலைக்கு வாங்கி, வீடும் ஓவியக்கூடமும் கட்டிக்கொண்டு, மூட்டுவாதத்தால் முடங்கிய விரல்களோடு 1919இல் இறக்கும் வரை அங்கே வரைந்தார். இப்போது அது அருங்காட்சியகம். குடும்பத்தினர் அனைவரும் சென்ற ஒரே அருங்காட்சியகம் அதுவே. ஆயா ஓவியங்களை விரைவாகப் பார்த்து முடித்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் ஒலிவ மரத்தடியில் அமர்ந்திருந்தார். அதன் நிழல் வேப்பமர நிழலுக்கு ஒப்பாகாது, இலைகள் சிறிது, வெயில் ஒழுகுகிறது என்பது அவர் கருத்து.

உணவைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. க்ரோ த கான்யு என்னும் பழைய மீனவக் குப்பத்தில் சில படகுகள் இன்றும் காலையில் மீனோடு திரும்புகின்றன. மத்தியும் நெத்திலியும் அங்கே மலிவு. நீஸின் பழைய நகரத்தில் கூர் சலேயா என்ற சந்தையில் பூக்களுக்கு நடுவே காய்கறிகளும் விற்கின்றன. அங்கே கட்டுக்கட்டாக வைத்திருந்த சீமைச் சுரைக்காய்ப் பூக்களை உள்ளூரார் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து உண்பர். ஆயா அதைக் கேட்ட மாத்திரத்தில் இரண்டு கட்டு வாங்கிவந்து, பெருங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்த்த கடலைமாவில் பஜ்ஜி போட்டார். கடலைமாவு நீஸுக்குப் புதிதன்று. கொண்டைக்கடலை மாவை நீரிலும் ஒலிவ எண்ணெயிலும் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பின் அனலில் வாட்டி எடுக்கும் 'சொக்கா' என்னும் அடை, அந்நகரக் கூலித் தொழிலாளர்களின் காலை உணவாக இருந்தது. மிளகுத்தூள் தூவி, காகிதத்தில் வைத்து, கையால் பிய்த்து உண்ணும் அதைப் பேரக்குழந்தைகள் விரும்பினர். உப்புக் குறைவு என்று ஆயா ஒதுக்கிவிட்டார். அடுக்களை வடபுறத்தில் இருந்தது. வெண்ணிறச் சலவைக்கல் பதித்த அதன் மேடையில்தான் மத்திக் குழம்புக்கு மசாலா அரைபட்டது.

கடலுக்குச் செல்வது மாலையில். நீஸின் கடற்கரையில் மணல் கிடையாது. வார் ஆறும் பைய்யோன் ஆறும் மலையிலிருந்து உருட்டிவந்த சாம்பல் நிறக் கூழாங்கற்களே பரந்து கிடக்கின்றன. ஒரு மாலை, ரயிலேறி நீஸைக் கடந்து கிழக்கே சென்று, காப் ஃபெரா முனையைச் சுற்றிவரும் கரையோர ஒற்றையடிப் பாதையில் அனைவரும் நடந்தனர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவைச் சுரண்டிய செல்வத்தால் பெரும்பகுதி நிலத்தை வளைத்துப் போட்டிருந்த அம்முனை, இன்றும் உலகின் விலைமிகுந்த வீடுகள் சிலவற்றைக் கொண்டது. மதில்களுக்கு மேலே சவுக்கு போன்ற மரங்களின் நுனிகள் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. ஆயினும் 1976 டிசம்பர் 31ஆம் நாளின் சட்டம், கடலை ஒட்டிய தனியார் நிலங்களின் விளிம்பில் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் நடந்து செல்லும் உரிமையை நிறுவியுள்ளது. கோடீசுவரர்களின் தோட்டங்களுக்கும் கடலுக்கும் இடையே, மடித்துக் கட்டிய வேட்டியோடு தாத்தாவும், கையில் செருப்போடு ஆயாவும், எவர் அனுமதியும் கேட்காமல் நடந்தது இச்சட்டத்தின் பலன். கட்டுரையாளர் பார்த்த அளவில், பிரெஞ்சுக் குடியரசின் மீது தாத்தாவுக்கு இருந்த பற்று அன்றுதான் பேச்சாக வெளிப்பட்டது. வழக்கமாக அது ஓய்வூதியம் வரும் நாளில் மௌனமாக வெளிப்படும்.

விடுமுறை வாடகை சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிவது பிரான்சின் பொது வழக்கம். அதனால் ஆகஸ்டின் சனிக்கிழமைகளில் நாட்டின் பாதி தெற்கு நோக்கியும் மறுபாதி வடக்கு நோக்கியும் நெடுஞ்சாலையில் நிற்க, போக்குவரத்து முன்னறிவிப்பு அலுவலகம் அந்நாள்களுள் நெரிசல் மிகுந்தவற்றைக் கறுப்பு நிறத்தால் குறிக்கிறது. கிளம்பும் காலையில் 'எதா தே லியூ' எனப்படும் இருப்பாய்வு நடந்தது. குடிபுகும்போது எழுதிய பட்டியலோடு வீட்டை ஒப்பிட்டு, கரண்டி முதல் கட்டில் வரை சரிபார்ப்பது அது. முகவர் நிலையப் பெண்மணி முதலில் தென்புறக் கதவுகள் அனைத்தையும் திறந்து கட்டினார். சாய்வுப் படுக்கைகளின் மெத்தைகள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது கண்டு வியந்தார். அத்திமரத்து முற்றத்தைப் பட்டியலில் காணாததால் அங்கே போகவேயில்லை. அடுக்களையில் நெடுநேரம் நின்றார்.

சில வாரங்களுக்குப்பின் காப்புத்தொகை, சலவைக்கல் மேடையில் படிந்த மஞ்சள் கறையை நீக்கும் செலவு கழிக்கப்பட்டு, பாரிஸ் முகவரிக்கு வந்தது. பயன்பாட்டால் நேரும் இயல்பான தேய்மானத்துக்கு வாடகையாளர் பொறுப்பாகார் என்னும் சட்டநிலையைச் சுட்டித் தாத்தா புதுச்சேரியிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மஞ்சள் கறை வெயில் பட்டால் தானாக வெளுத்துப்போகும், அதற்குப் போய்க் காசு வாங்குகிறார்களே என்று ஆயா சொன்னதையும், அது உண்மையென்பதால், நல்ல பிரெஞ்சில் பெயர்த்து அதிலே சேர்த்துக்கொண்டார். அவ்வீட்டின் அடுக்களை வடக்கு நோக்கியது, அங்கே எக்காலத்திலும் வெயில் விழுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.